நிழலாண்டான் செத்த சேதி

கீழ்பென்னாத்தூர்
10-6-1979

கஸ்தூரிக்கு உன் அண்ணி சந்திரம்மாள் எழுதுவது.

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் பொய்யாகிவிடும். உன் அண்ணனுக்கு இந்தக் கடிதம் தெரியாது. அவர் மல்லாட்டை விதைக்கக் கொல்லைக்குப் போயிருக்கிறார்.

டவுனில் படிக்கட்டும் என்று என் மகள் வேதவல்லியை மூன்று வருஷம் உன்னிடம் விட்டேன். அவள் உன் வீட்டிலிருந்து போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. போன வருஷம் தை ஐந்தாம் தேதி, உன் ஊர்ச் சாமி தீர்த்தவாரிக்குப் போகிற மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா. பொங்கலுக்கு நான் தைத்துக் கொடுத்த பச்சைப் பாவாடையைப் போட்டுக்கொண்டு, உன் பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் குடும்பத்தோடு பஸ் ஏறினாள். கூட்டத்தில் கை நழுவிப்போச்சு என்று அந்தப் பாவி அழுதுகொண்டு வந்து நின்றாள். ஆற்றில் பத்து நாள் தேடினோம். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. "அத்தை அனுப்பிச்சாங்கன்னு கொழந்தைதாம்மா சொல்லுச்சு" என்று அவள் சொன்னாள். "நான் அனுப்பல அண்ணி" என்று நீ சொன்னாய். நான் தெருமண்ணை வாரி அவள் வாசலில் தூற்றினேன். இதெல்லாம் நீ மறந்திருக்க மாட்டாய்.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். தினம் சாயந்திரம் மாடியில் அவளுக்கு ஒரு ராஜா கதை சொல்வாயே, அது. லீவுக்கு வந்தால் நெல் அவிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருப்பாள். நான் 'ஊம்' கொட்டினேனே தவிர காது கொடுக்கவில்லை. இப்போது அடுப்பு மூட்டினால் அவள் குரல் கேட்கிறது. வார்த்தை பாதிதான் கேட்கிறது. மீதியை நீ எழுது. அவளுக்குச் சொன்ன மாதிரியே, ராஜா பிறந்ததிலிருந்து எழுது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சந்திரம்மாள்

*

திருவண்ணாமலை
24-6-1979

அண்ணிக்கு,

கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்து ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் கைப்பையில் வைத்திருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைன் போட்டுக்கொண்டே, உள்ளே என்ன திட்டு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் அண்ணி.

சொல்கிறேன். ராஜாவின் பெயர் நிழலாண்டான். நம் மலையின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறதோ அவ்வளவும் அவர் நாடு. காலையில் அது மேற்கே அடி அண்ணாமலைப் பக்கம் கிடக்கும். சாயந்திரம் கிழக்கே டவுன்மேல் விழுந்து, தேரடி தாண்டி, பஸ் ஸ்டாண்டு தாண்டி, உங்கள் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் நீளும். "அப்போ எங்கம்மாவும் ராஜாவோட ஊருதான்" என்று வேதாவுக்கு ஒரே பெருமை. நடுப்பகலில் மட்டும் நாடே இருக்காது. அந்த நேரத்தில் மேற்கே இருக்கும் குடிகளை எல்லாம் மலைக்குள் இருக்கும் குகை வழியாக ராஜா கிழக்கே நடத்திக் கூட்டிவருவார். தினமும் இதே வேலை. அதனால் அவர் ஒரு நடுப்பகலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

அவருக்குத் தாய் தகப்பன் கிடையாது. ஒரு சாயந்திரம் நிழல் எங்கள் மாடிச் சுவரைத் தொட்டபோது பிறந்தார். பதினாறு வயதில் முடிசூடினார். கிரீடம் என்ன தெரியுமா, ஏற்றாத ஓர் அகல் விளக்கு. வரி, வீட்டுக்கு ஒரு பாட்டு. முதல் சட்டம், வெளியே கிளம்புகிறவர்களை 'எங்கே போறே' என்று யாரும் கேட்கக் கூடாது. வேதாவுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பையை மாட்டிக்கொண்டு அவள் ஓடும்போது நான் கேட்டால், "சட்டம் அத்தை, சட்டம்!" என்று விரலை ஆட்டுவாள்.

ராஜாவுக்குப் பிள்ளை கிடையாது. நிழலுக்கு நிழல் விழாது, அதனால் அவருக்கு வாரிசும் கிடையாது என்று சொல்லிவைத்தேன். கட்டின போளூர்க்காரர் ஆறு வருஷம் பார்த்துவிட்டு என்னைத் திருப்பி அனுப்பினாரே, அந்த எரிச்சலில் சொன்னேனோ என்னவோ. வேதா ஒத்துக்கொள்ளவில்லை. "போ அத்தை" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு மேல் இன்று கை ஓடவில்லை.

கஸ்தூரி

*

கீழ்பென்னாத்தூர்
19-8-1979

கஸ்தூரி,

கடிதம் கிடைத்தது. களை எடுக்கிற இடத்தில் மடியில் வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். கூட இருந்த பெண்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். ரேஷன் கார்டு சமாசாரம் என்று சொல்லிவைத்தேன்.

நிழலுக்கு நிழல் விழாது என்று எழுதியிருக்கிறாய். கடைசிப் பொங்கலுக்கு வந்தபோது அவள் இரண்டு அரிக்கேன் விளக்கைச் சுவரை ஒட்டி வைத்துக்கொண்டு என்னென்னவோ பண்ணிக்கொண்டிருந்தாள். "அம்மா பாரும்மா, ரெண்டு வெளக்கு வெச்சா நெழலு பக்கத்துலயே இன்னொரு நெழலு வருது. அத்தைக்குத் தெரியாது" என்றாள். மண்ணெண்ணெய் வீணாகிறது என்று ஒரு விளக்கை நான் அணைத்துவிட்டேன். இதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

உன் அண்ணன் வேறு ஆரம்பித்திருக்கிறார். எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கிறது, காரியம் பண்ணிவிடலாம் என்கிறார். பண்ணினால் அவள் செத்துவிட்டாள் என்று ஆகிவிடும். நான் விடவில்லை. நடுப்பகலில் களத்துமேட்டில் போய் நின்று காலடியில் என் நிழலைப் பார்க்கிறேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும்.

அந்த ராஜா எப்படி ஆண்டார் என்று எழுது.

சந்திரம்மாள்

*

திருவண்ணாமலை
10-12-1979

அண்ணிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள். தீபத்துக்கு ஊரெல்லாம் கூட்டம், எக்ஸ்சேஞ்சில் லீவு கிடையாது.

தீபம்தான் நிழலாண்டானுக்குப் பரம எதிரி. உச்சியில் நெருப்பு எரியும் பதினோரு நாளும் அவருடைய நாடு ஓர் இடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். குடிகள் அழுவார்கள். அவர் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டு பாறை இடுக்கில் உட்காரவைத்து, பன்னிரண்டாம் நாள் தலை எண்ணுவார். நாற்பது வருஷ ஆட்சியில் ஒரு தலைகூடக் குறைந்ததில்லை. வேதா தினமும் கேட்பாள்: "ஒண்ணுகூடக் கொறையலியா அத்தை?" "ஒண்ணுகூட."

அதற்குப் பிறகு பனிநாட்டு ராணி படையெடுத்து வந்தாள். மார்கழி மாதம் வெயிலே வராமல் பண்ணி, நிழலே விழாமல் அடித்துவிட்டாள். ராஜா ஏழு நாள் சண்டை போட்டார். பிறகு வடக்கேயிருந்து புகைநாட்டான் வந்தான். அந்தச் சண்டை பெரிது, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

வேறு ஒன்றும் சொல்ல வேண்டும். நான் மாடிக்குப் போவதில்லை. துணிகூட முற்றத்தில்தான் உலர்த்துகிறேன். சாயந்திரம் நிழல் சுவரைத் தொடும் நேரத்துக்கு யாரோ படி ஏறுகிற சத்தம் கேட்கிறது. பன்னிரண்டு படி. பதினோரு படி ஏறி அப்படியே நின்றுவிடுகிறது. பல்லி, எலி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ரேணுகாம்பாள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போய்விட்டாள். தெருவில் ஒருத்தரும் அவளோடு பேசவில்லை. அப்போது ஆற்றிலே தேடிவிட்டு மூன்றாம் நாள் நான் வீடு திரும்பியபோது, கதவு நாதாங்கியில் வாடின கனகாம்பரச் சரம் ஒன்று செருகியிருந்தது. அவள்தான் சமாதானத்துக்கு வைத்திருப்பாள் என்று எடுத்துச் சாக்கடையில் எறிந்தேன். இன்று அவள் காலி வீட்டைத் தாண்டி வரும்போது அது ஞாபகம் வந்தது.

கஸ்தூரி

*

கீழ்பென்னாத்தூர்
20-1-1980

கஸ்தூரி,

என்னிடமே அளக்கிறாயா?

பனிநாட்டு ராணியும் இல்லை, புகைநாட்டானும் இல்லை. அந்தக் கதையெல்லாம் நீ அவளுக்குச் சொல்லவில்லை. நான் காது கொடுக்கவில்லை என்று எழுதினேன்தான். ஆனால் கடைசிப் பொங்கலன்று கதை எங்கே நின்றது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ராஜாவுக்கு வயதாகிவிட்டது, ஒரு தடவையாவது நடுப்பகலைப் பார்க்க வேண்டும் என்று மலை ஏறிக்கொண்டிருக்கிறார். "பாத்துடுவாராம்மா?" என்று வண்டி ஏறுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே போனாள். பதினாறாம் தேதி திரும்பி உன்னிடம் வந்தாள். பதினெட்டாம் தேதி ஆற்றுக்குப் போனாள்.

நடுவில் பதினேழாம் தேதி சாயந்திரம் இருக்கிறது. அன்றைக்கு என்ன சொன்னாய்? சண்டை மேல் சண்டையாக விட்டுக் கதையை நீ ஏன் இழுக்கிறாய்? ஊரையெல்லாம் பேசவைக்கிற உனக்கு என்னிடம் ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லையா?

சந்திரம்மாள்

*

திருவண்ணாமலை
1-2-1980

அண்ணி,

என்னால் முடியவில்லை. என்னைக் கேட்காதீர்கள்.

கஸ்தூரி

*

கீழ்பென்னாத்தூர்
15-6-1980

கஸ்தூரி,

வருகிற மாசி மகத்துக்குக் காரியம் பண்ணுவது என்று உன் அண்ணன் முடிவு பண்ணிவிட்டார். மூன்று வருஷம் ஆனால் பிறகு தள்ளக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் எதிர்த்துப் பேசத் தெம்பில்லை.

எள்ளும் தண்ணீரும் விடுவதற்கு முன்னால் என் பெண் எதற்காகப் போனாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். உனக்குத் தெரியும். உன் கடிதத்திலேயே அது தெரிகிறது. நீயும் அவளை வளர்த்தவள். அதைச் சொல்லித்தான் கேட்கிறேன்.

சந்திரம்மாள்

*

திருவண்ணாமலை
30-7-1980

அண்ணிக்கு,

ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். திரும்பப் படித்தால் கிழித்துவிடுவேன்.

அந்தப் பொங்கலுக்கு நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்: "ஜூன்லேர்ந்து அவ இங்கயே படிக்கட்டும் கஸ்தூரி. நீயும் எத்தினி நாளிக்குச் சுமப்பே?" நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மூன்று வருஷம் தலை வாரி, ஜுரத்தில் மடியில் போட்டுக்கொண்டு, கடைசியில் நான் சத்திரக்காரி ஆகிவிட்டேன் என்று தோன்றியது. வேதாவும் சந்தோஷமாகத் தலையாட்டினாளே என்று அவள் மேலும் கோபம்.

பதினேழாம் தேதி சாயந்திரம் மாடியில் உட்கார்ந்து அவள் கேட்டாள்: "ராஜா உச்சிக்குப் போயிட்டாரா?"

"போயிட்டாரு. வெயில் பட்டதும் செத்துட்டாரு."

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கத முடிஞ்சிபோச்சு."

"யாரு கொள்ளி வெச்சாங்க?"

"அவருக்குத்தான் யாருமே இல்லியே. ஊரான் கொழந்தைய எல்லாம் தல எண்ணி எண்ணிக் காப்பாத்தினாரு. கடைசியில அவங்கவங்க அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க."

இதை ஒன்பது வயதுக் குழந்தையிடம் சொன்னேன் அண்ணி. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். "வல்லாள ராஜாவுக்கும்தான் புள்ள இல்ல. சாமியே வந்து திதி குடுக்குறாரே" என்றாள். மாசி மகத்துக்குச் சாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்ப் பிள்ளை ஸ்தானத்தில் அந்த ராஜாவுக்குத் திதி கொடுப்பதை நான்தான் ஒரு வருஷம் கூட்டிப்போய்க் காட்டியிருந்தேன்.

"அதுக்கு யாராவது போய்ச் சாமிகிட்ட சாவு சேதி சொல்லணும்" என்றேன்.

"எங்க சொல்லணும்?"

"வல்லாள ராஜா செத்த சேதிய, ஆத்துத் திருவிழா முடிஞ்சி சாமி திரும்பி வர்ற வழியிலதான் வருஷா வருஷம் சொல்லுவாங்க. சொன்னதும் மேளத்த நிறுத்திடுவாங்க. மேளம் இல்லாமத்தான் ஊருக்குள்ள வருவாரு. நாளைக்குத்தான் திருவிழா. போயி நீயே சொல்லு போ."

விடிந்து எனக்குப் பகல் ஷிப்டு. அவள் பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு ஏன் யூனிபாரம் போடவில்லை என்று எனக்குத் தோன்றியது. கேட்க வாய் எடுத்தேன். அவள் விரலை ஆட்டினாள். சட்டம். நானும் வீம்புக்குக் கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

ரேணுகாம்பாள் பொய் சொல்லவில்லை. நான் அனுப்பினேன் என்று குழந்தை சொன்னதும் பொய் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு அவள் அழுதுகொண்டு வந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினேன். உங்களைப் பார்த்ததும், நான் அனுப்பவில்லை என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. நீங்கள் மண்ணை வாரித் தூற்றும்போது பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இனிமேல் நீங்கள் எழுத வேண்டாம்.

கஸ்தூரி

*

கீழ்பென்னாத்தூர்
25-1-1981

கஸ்தூரி,

ஆறு மாதம் உன் பெயரை வாயில் எடுக்கவில்லை. உன் அண்ணனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வருவார். உனக்காக இல்லை, அவர் ஜெயிலுக்குப் போய்விட்டால் கொல்லையை யார் பார்ப்பது.

இந்தத் தை ஐந்துக்கு மணலூர்பேட்டைக்குப் போனேன். ஆற்றைப் பார்க்கப் போகவில்லை. சாமி திரும்புகிற வழியில், சாவுச் சேதி சொல்கிற இடம் எது என்று விசாரித்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். ஆற்றுக்கும் அந்த இடத்துக்கும் எவ்வளவோ தூரம். மூன்று வருஷத்தில் நாம் ஒருத்தரும் அங்கே போய்க் கேட்கவில்லை. தண்ணீரிலேயே தேடிக்கொண்டிருந்தோம்.

சாமி வந்தார். சேதி சொன்னார்கள். மேளம் நின்றுவிட்டது. சுற்றி நின்றவர்கள் வருஷா வருஷம் பார்த்தவர்கள்தான், இருந்தாலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் வழி விட்டு விலகாமல் நின்றேன். அங்கே பூ விற்கிற சரசு என்று ஒருத்தி என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவளிடம் கேட்டேன். மூணு வருஷம் முன்னாடி, பச்சைப் பாவாடை, ஒன்பது வயசு, முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்திருக்கும்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மறக்குமாம்மா அது? மேளக்காரங்க வண்டியில ஏறி வந்துச்சு. பெரியவங்க சேதி சொல்றதுக்கு முன்னாடியே சாமி முன்னால போயி நின்னு, சத்தமா, 'சாமி, எங்க ராஜா செத்துட்டாரு. ஆனா அவருக்குப் பொண்ணு இருக்குது. நீ வர வேணாம், நான் பாத்துக்கறேன்'னுச்சு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. சாமியப் போயி யாராவது வராதேன்னு சொல்லுவாங்களா? யாரு பொண்ணும்மா நீன்னேன். அத்தை பொண்ணுன்னுச்சு. ஒரு மொழம் கனகாம்பரம் குடுத்தேன். எனுக்கு வேணாம், அத்தைக்குத் தர்றேன்னு கையில சுத்திக்கிச்சு. அப்புறம் சாமி பின்னாலயே ஊரு பக்கமா நடந்து போயிடுச்சு."

கஸ்தூரி, நாதாங்கியில் இருந்த அந்தப் பூவை ரேணுகாம்பாள் வைக்கவில்லை.

என் பெண் ஆற்றில் போகவில்லை. சாமி பின்னாலேயே அத்தனை தூரமும் நடந்து உன் வாசலுக்கு வந்திருக்கிறாள். வீடு பூட்டியிருந்தது. நீயும் நானும் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தோம். பூவைச் செருகிவிட்டு எங்கே போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. படியில் கேட்கிற சத்தத்தை எலி என்று எழுதியிருந்தாய். கடைசிப் படி வரைக்கும் ஏன் ஏறவில்லை என்று இப்போதாவது யோசித்தாயா? மேலே நீ இல்லை. அவள் வரும்போது நீ மேலே இருக்க வேண்டும்.

மாசி மகத்துக்கு வைத்திருந்த காரியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பூவைப் பற்றி மட்டும் உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நெடுநேரம் திரும்பவில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அடி அண்ணாமலைக்குப் போய் ரேணுகாம்பாள் காலில் விழு. ஞாயிற்றுக்கிழமை நானும் வந்து விழுகிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டாம். உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் திராணி வரவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதாதே, பதில் வராது. இரண்டாவது, வீட்டைப் பூட்டாதே. ஷிப்டுக்குப் போனாலும் பூட்டாதே. என்ன போகப்போகிறது உன் வீட்டிலிருந்து? மூன்றாவது, சாயந்திரம் மாடிக்குப் போ. இரண்டு விளக்கு எடுத்துக்கொண்டு போ.

பிறகு கதையை எழுது. ராஜா செத்தால் செத்ததுதான், அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு வாரிசு இருக்கிறது. சாமி முன்னால் நின்று சொல்லியாயிற்று, இனி நீ இல்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் நாட்டை எப்படி ஆள்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், தீபம் எரியும் பதினோரு நாளும் எங்கே உட்கார்ந்திருக்கிறாள், எல்லாம் எனக்கு எழுத வேண்டும். அந்த முதல் சட்டத்தை அவளை மாற்றச் சொல்லு. எங்கே போறே என்று கேட்க வேண்டும்.

ஒன்று மட்டும் கவனமாக எழுது. அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அந்தப் பச்சைப் பாவாடையை, வளர்ந்தால் பிரித்துவிடலாம் என்று உள்பக்கம் மூன்று டக்கு வைத்துத் தைத்திருக்கிறேன். இரண்டைப் பிரித்துவிடு.

சந்திரம்மாள்